பொத்தான்காரியின் கடன் கோப்பு

டோர்டோய் சந்தை, பிஷ்கெக், ஜனவரி.
கன்டெய்னர் மேல் கன்டெய்னர்.
மேலே சரக்கு, கீழே கடை.
என்னிடம் பொத்தான், ஜிப், நூல்.

ஒரு சாயங்காலம் விரல் மரத்துப்போய்
'கடன்' என்ற கோப்பை நானே அழித்தேன்.
குப்பைத்தொட்டியையும் காலிசெய்தேன்.
கடை மூடுமுன் பெருக்குவது பழக்கம்.

நான்காம் வரிசையில் எமில்பெக்,
திருகாணிகளை ஜாம் மூடியில் போட்டுவைப்பவன்.
"எதையும் புதிதாய் எழுதாதே," என்றான்,
"முதலில் அணை."
முன்பணம் இருநூறு சோம்.

சும்மா உட்கார எனக்கு வராது.
"பிட் பிட் என்கிறாயே, என்ன அது?"
என் கோட்டைக் காட்டினான்.
மாட்டிய பொத்தான் ஒன்று,
மாட்டாத பொத்தான் சுழியம்.
"பாதி மாட்டினால்?"
"மாட்டவில்லை என்று அர்த்தம்."

எட்டுப் பொத்தான் சேர்ந்தால் பைட்.
இந்த ஒரே கோட்டை
இருநூற்று ஐம்பத்தாறு விதமாய் உடுத்தலாமாம்;
ஒவ்வொரு விதமும் ஓர் எழுத்தோ குறியோ.
இருபது வருஷமாய் நான் ஒரே விதமாய் உடுத்துகிறேன்.

ஆயிரம் பைட் ஒரு கிலோபைட் என்றான்.
"ஆயிரத்து இருபத்து நான்கு!" என்றான்
பக்கத்தில் செல்போன் உறை விற்பவன்.
தேநீர் ஆறும்வரை சண்டை.
எனக்குச் சட்டென்று புரிந்தது:
இந்த வியாபாரத்திலும் எடைக்கல் இரண்டு.

ரேம் என்பது என் மேசை.
கேட்டதை எல்லாம் எடுத்துப் பரப்பலாம்,
கை எட்டும் வேகம்;
மின்சாரம் போனால் மேசை வெறுமை.
ஹார்ட் டிஸ்க், மேலே இருக்கும் கன்டெய்னர்.
ஏணி ஏற வேண்டும், தேட வேண்டும்,
ஆனால் இருட்டிலும் சரக்கு சரக்காகவே இருக்கும்.
"கேஷ்?" என்றேன்.
அவன் சொல்லுமுன் என் ஏப்ரன் பைக்குள் கை போனது:
கறுப்பு ஜிப், பதினெட்டு சென்டிமீட்டர்,
நாளுக்கு நாற்பது பேர் கேட்பது.
அதற்காக யார் ஏணி ஏறுவார்கள்?

"அழித்தது எங்கே போயிற்று?"
"எங்கும் போகவில்லை.
எந்தப் பெட்டியில் எது என்று ஒரு பட்டியல் உண்டு,
அதில் அந்த வரியை மட்டும் அடித்தாய்.
பெட்டி காலி என்று நம்பி
வேறொருவன் சரக்கை இறக்கும்வரை
உன் சரக்கு அங்கேயே கிடக்கும்."

மூன்றாம் நாள் கடன் திரும்பிவந்தது:
அறுபத்து நான்கு பேர், தொகையோடு.
ஒரே ஓர் இடத்தில் யாரோ சரக்கு இறக்கிவிட்டார்கள்.
பெயரின் முன்பாதி இல்லை.
"...குல். பன்னிரண்டாயிரம் சோம்."

குல்!
இந்தச் சந்தையில் ஷாய்ர்குல், பாக்திகுல், ஜிபர்குல்,
கூவினால் ஒரு வரிசையே திரும்பும்.
யாரிடம் போய்க் கேட்பது?

எமில்பெக் எழுத்து அட்டவணை ஒன்று கொடுத்திருந்தான்.
ஆங்கிலத்து ஜி-யைத் தேடினேன்:
இரண்டு, ஆறு, ஏழு, எட்டு மாட்டி
மற்றதைத் திறந்துவிட வேண்டும்.
அப்படியே போட்டுக்கொண்டு
ஏழாம் வரிசை வழியே நடந்தேன்.
மைனஸ் பதினான்கு. நெஞ்சுக்குள் காற்று.
ஒருவரும் படிக்கவில்லை.

"பைத்தியமா உனக்கு, புருல்சா?"
சாக்ஸ் மூட்டையைத் தாண்டி வந்தாள் ஜிபர்குல்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
மூன்றாவதை மாட்டினாள், நான்காவதை மாட்டினாள்,
ஐந்தாவதில் அவள் விரல் நின்றது.
"வசந்தத்தில் தந்துவிடுகிறேன்," என்றாள்
பொத்தானைப் பார்த்தபடி.
நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.
மேல் பொத்தானுக்குக் கை நீட்டினாள்.
"அது வேண்டாம், கழுத்தை நெரிக்கும்."

கடைக்கு வந்து அட்டவணையைப் பிரித்தேன்.
முதல் பொத்தான் திறப்பு, மீதி ஏழும் பூட்டு:
நூற்று இருபத்தேழு.
அது எழுத்தே இல்லையாம், ஓர் ஆணை.
'அழி.'

சரி, அழித்தேன், பட்டியலில் அந்த வரியை.
அழிப்பது என்றால் என்னவென்று
எனக்கு இப்போது தெரியும்.
ஜிபர்குலுக்குத் தெரியாது.